பூ பூத்த தேதி

1868, மே 30. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரம். உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. போரில் செத்தவர்களின் கல்லறைகளில் பூ வைக்கும் நாளாக அந்தத் தேதியை முன்னாள் வீரர்களின் சங்கம் முதல் தடவையாக அறிவித்திருந்தது. அன்றைக்கு லோவெல் கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒரு போட்டோ எடுத்தார்கள். அது பத்திரமாக இருந்துவிட்டது. அதைவிட முக்கியம், அது எந்தத் தேதியில் எடுத்தது என்ற தகவலும் கூடவே பத்திரமாக இருந்துவிட்டது.

அந்தப் படத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. மே மாசக் கடைசி, ஆனால் இலை இல்லை.

2005-ல் அதே மே 30-ஆம் தேதி, அதே இடத்தில் போய் நின்று இன்னொரு போட்டோ எடுத்தார்கள். இந்தப் படத்தில் மரங்கள் எல்லாம் தழைத்துப் பச்சையாக நிற்கின்றன. பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த இரண்டு படங்களும் இருக்கின்றன. முதல் படத்தை எடுத்தவர் மரத்தைப் பற்றி யோசித்திருக்க வாய்ப்பே இல்லை. அவருக்குக் கல்லறைதான் விஷயம். மரம் சும்மா பின்னணி. ஆனால் 137 வருஷம் கழித்து அந்தப் பின்னணிதான் ஆதாரமாக ஆகிவிட்டது.

வசந்த காலத்தில் காலாற நடந்து போய் பூவையும் துளிரையும் பார்த்து ரசிப்பது, படம் பிடிப்பது, குறித்து வைப்பது. இது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதானே என்று நினைப்போம். அந்தப் பொழுதுபோக்கே ஒரு ஊரின் வரலாற்று ஆவணமாக மாறிய கதை ஒன்று இருக்கிறது. லோவெலுக்குப் பக்கத்திலேயே, கான்கார்ட் என்ற சின்ன ஊரில் நடந்தது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். நம்ம கணக்கில் இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. வேப்பம்பூ உதிரும், கொன்றை மஞ்சளாகத் தொங்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த ஊர் வசந்தம் வேற மாதிரி. நவம்பரிலிருந்து எல்லாமே பழுப்பு, அப்புறம் வெள்ளை. மார்ச் கடைசியில் பனி உருக ஆரம்பிக்கும், ஏப்ரல் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் முதல் பூ தலைகாட்டுகிற நாள் அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு பண்டிகை மாதிரி. ஆறு மாசம் நிறமே பார்க்காத கண் இல்லையா? அதனால்தான் அங்கே "இந்த வருஷம் முதல் பூவை எப்போ பார்த்தே?" என்பது சாதாரணமான கேள்வி.

சரி, கான்கார்ட்டுக்கு வருவோம்.

ஹென்றி டேவிட் தோரோ 1817-ல் அங்கே பிறந்தவர். 'வால்டன்' எழுதியவர், காந்தி படித்த சட்டமறுப்புக் கட்டுரையை எழுதியவர் என்றால் நம்மில் பல பேருக்குத் தெரியும். குளத்தங்கரையில் குடிசை போட்டு இரண்டு வருஷம் இருந்த ஆள். 1845 ஜூலையிலிருந்து 1847 செப்டம்பர் வரை. நான் சொல்லப்போவது அந்த தோரோவைப் பற்றி இல்லை. குடிசையை விட்டு வந்தபிறகு, 1850-களில் தினமும் மத்தியானம் நாலு மணி நேரம் நடந்த தோரோவைப் பற்றி.

குடும்பத் தொழில் பென்சில் செய்வது. அவருக்கென்று இருந்த வேலை நில அளவை. மிச்ச நேரம் எல்லாம் நடைதான். அவர் நடக்கப் போகிற கோலத்தை நண்பர் எமர்சன் எழுதி வைத்திருக்கிறார்: வைக்கோல் தொப்பி, கனமான செருப்பு, முள்ளுக்கும் புதருக்கும் கிழியாத தடித்த கால்சட்டை. செடிகளை அழுத்தி வைக்க ஒரு பழைய இசைப் புத்தகம். சட்டைப்பையில் நாட்குறிப்பு, பென்சில், பறவை பார்க்கத் தூரக்கண்ணாடி, சின்ன லென்ஸ், பேனாக்கத்தி, கொஞ்சம் நூல். தொப்பிக்குள்ளேயே ஒரு தட்டு மாதிரி வைத்து, பறித்த செடியை அதில் போட்டுக்கொண்டு வருவார். தலைச்சூட்டில் வேர்க்கிற ஈரம் செடியை வாடாமல் வைத்திருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு!

இதெல்லாம் ரசனை. ஆனால் 1850-களின் தொடக்கத்தில் இந்த ரசனைக்குள் ஒரு பிடிவாதம் நுழைகிறது. ஒவ்வொரு செடியும் அந்த வருஷம் முதல் பூ விடும் நாள் எது? அதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நாலைந்து மைல் தள்ளி இருக்கும் ஒரே ஒரு செடியைப் பார்க்க, இரண்டு வாரத்துக்குள் ஐந்தாறு தடவை போய் வந்ததாக அவரே நாட்குறிப்பில் சொல்கிறார். நடுவே மற்ற திசைகளில் இருக்கும் மற்ற செடிகளையும் பார்க்கணும். இப்படி 1852 முதல் 1858 வரை சுமார் 500 வகைச் செடிகள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு நாள் 1853 மே 31. முந்தின நாள் சாயங்காலம் தோரோவின் தங்கை சோபியா ஒரு வீட்டிலிருந்து ஒரே ஒரு பூவைக் கொண்டுவந்திருந்தாள். இளஞ்சிவப்பு அசேலியா. காட்டுச் செடி. தோரோ கான்கார்ட்டில் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் காலடி படாத இடம் இல்லை என்று நடந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும்? உடனே கிளம்பிவிட்டார். யார் கொடுத்தது, அவருக்கு யார் கொடுத்தது என்று வீடு வீடாக விசாரித்துக்கொண்டே போனால், கடைசியில் விஷயம் ஜார்ஜ் மெல்வின் என்ற வேட்டைக்காரரிடம் போய் நிற்கிறது. ஊரில் அவருக்குக் குடிகாரர் என்று பெயர். வீட்டுப் பின்வாசலில் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் நேரே பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறார். தோரோ விடவில்லை. நான் தாவரம் படிக்கிறவன், எனக்குத் தெரிந்தாக வேண்டும், நீ சொல்லாவிட்டாலும் வாசனை பிடித்தாவது கண்டுபிடித்துவிடுவேன் என்கிற ரீதியில் பேசுகிறார். கடைசியில் மெல்வின் நாயையும் கூட்டிக்கொண்டு இவரோடு படகில் ஏறி, இடத்தைக் காட்டியே விடுகிறார். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. பூ எப்போ விரிந்தது என்று மெல்வினுக்குத் தெரிந்திருக்கிறது. போன புதன்கிழமை, 25-ஆம் தேதி என்கிறார். தோரோ அதையும் குறித்துக்கொள்கிறார். ஹார்வர்டில் படித்தவருக்குத் தெரியாத செடி, வேட்டைக்காரருக்குத் தேதியோடு தெரியும். கள ஆய்வு செய்கிற யாருக்கும் இந்த அனுபவம் புதிதாக இருக்காது.

சதுப்பு நிலத்தில் மயங்கிக் கிடந்து எழுந்தால்கூட, சுற்றியிருக்கும் செடிகளை வைத்து இன்றைக்கு என்ன தேதி என்று இரண்டு நாள் முன்பின் சொல்லிவிடலாம் என்று தோரோ நம்பினார். இதையும் எமர்சன்தான் சொல்கிறார். எமர்சனுக்கு இதில் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. இவ்வளவு திறமையுள்ள ஆள் நாட்டுக்கே வழிகாட்டியிருக்கலாமே, போயும் போயும் பழம் பொறுக்கப் போகிற பிள்ளைகளுக்குத் தலைவனாக இருந்துவிட்டானே என்ற வருத்தம். பின்னால் வந்த விமர்சகர்கள் பலரும் இதே ரீதியில்தான் போனார்கள். கடைசிப் பத்து வருஷ நாட்குறிப்பில் கவிதை வற்றிவிட்டது, வெறும் தகவல் பட்டியலாகிவிட்டது என்று. தோரோவுக்கே அந்தப் பயம் இருந்தது. தன் பார்வை நாளுக்கு நாள் விவரங்களுக்குள் சுருங்கிப் போகிறதோ என்று 1851-லேயே எழுதியிருக்கிறார்.

கடைசி வருஷங்களில் அவர் நாட்குறிப்புகளிலிருந்து தேதிகளை எடுத்துப் பெரிய தாள்களில் கட்டம் போட்டு அட்டவணையாக எழுத ஆரம்பித்தார். இடது பக்கம் செடி, மேலே வருஷம், கட்டத்துக்குள் தேதி. பூ விரிந்தது, இலை விட்டது, பறவை வந்தது, பனிக்கட்டி உடைந்தது என்று தனித்தனியாக. இதை வைத்து என்ன எழுதப் போகிறார் என்பது முழுசாக வெளியே வருவதற்குள் காசநோய் முந்திக்கொண்டது. 1862 மே 6, வயது 44.

இங்கே போட்டோ விஷயத்துக்கு வரணும். தோரோ காலத்தில் போட்டோ இருந்தது. 1856 ஜூனில் மிச்சிகனிலிருந்து ஒரு வாசகர் பணம் அனுப்பி உங்கள் படம் வேண்டும் என்று கேட்டதால், வூஸ்டர் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து மூன்று படம் எடுத்துக்கொண்டார். ஒன்று 50 சென்ட். இன்றைக்கு நாம் எல்லாப் புத்தகத்திலும் பார்க்கும் அந்தக் கழுத்துத் தாடி முகம் அதுதான். ஆனால் ஒரு பூவையும் அவர் படம் எடுக்கவில்லை, எடுத்திருக்கவும் முடியாது. 1850-களில் வெளியே போய்ப் படம் எடுப்பதென்றால் ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டில் பசை மாதிரியான கரைசலைப் பூசி, இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி உப்பில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவி முடிக்கணும். மொத்தமும் பத்து நிமிஷம்போலத்தான். இதற்குக் கூடாரம், ரசாயனம், தண்ணீர், முக்காலி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகணும். அப்படிப் போனாலும் லேசாகக் காற்றடித்தால் பூ ஆடும், படம் கலங்கிவிடும். கல்லறைக் கல் ஆடாது. லோவெலில் எடுத்தவருக்கு அந்த வசதி இருந்தது.

இது மாறியது 1870, 80-களில். முன்கூட்டியே பூசி உலர்த்திய தட்டுகள் கடையில் கிடைக்க ஆரம்பித்தன. பையில் பத்துத் தட்டு போட்டுக்கொண்டு போகலாம், வீட்டுக்கு வந்து நிதானமாகக் கழுவலாம். 1888-ல் கோடாக் கேமரா வந்தது, 25 டாலர், 100 படம் எடுக்கக்கூடிய சுருள் உள்ளேயே இருக்கும். ரசாயனமே தெரியாதவரும் நடைக்குப் போகும்போது கேமரா எடுத்துக்கொண்டு போகலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

அந்தக் காலத்து கான்கார்ட்டில் ஆல்பிரட் ஹாஸ்மர் என்று ஒரு கடைக்காரர். 1851-ல் பிறந்தவர், ஜவுளிக்கடை வேலை. தோரோ இறந்தபோது சின்னப் பையன். வளர்ந்தபிறகு தோரோ மேல் பைத்தியம். தோரோவின் பெயர் பெரிதாக அடிபடாத காலத்தில் அவரைப் பற்றிய ஒவ்வொரு துண்டுத் தகவலையும் சேர்த்து வைத்தவர். தோரோ வரலாற்றை 1890-ல் எழுதிய ஆங்கிலேயர் ஹென்றி சால்ட்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். (யார் இந்த சால்ட் என்றால், லண்டனில் படிக்கும்போது காந்தி ஒரு சைவ உணவுப் புத்தகம் வாங்கிப் படித்து மனம் மாறினாரே, அதை எழுதியவர். உலகம் சின்னது.)

ஹாஸ்மர் இரண்டு வேலை செய்தார். தோரோ எழுதிய இடங்களைத் தேடிப்போய்ப் படம் எடுத்தார். கூடவே தோரோ மாதிரியே பூக்களின் தேதியைக் குறித்தார். 1878-ல் ஒரு வருஷம், பிறகு 1888 முதல் 1902 வரை விடாமல் 15 வருஷம், 700-க்கும் மேற்பட்ட வகைகள். கடையையும் பார்த்துக்கொண்டு வாரத்தில் பல நாள் காடு மேடெல்லாம் சுற்றாமல் இது முடியாது. 1903-ல் இறந்துபோனார். புத்தகம் எதுவும் எழுதவில்லை, பெரிய பெயரும் இல்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் இவர்தான். தோரோ ஒரு மேதை, மேதைகள் கிறுக்குத்தனமாக எதையாவது செய்வார்கள் என்று விட்டுவிடலாம். கடைக்காரர் 15 வருஷம் செய்தது வேறு வகை.

அவருக்குப் பின்னால் ஹெர்பர்ட் க்ளீசன். இவர் மின்னசோட்டாவில் பாதிரியாராக இருந்தவர். அதை விட்டுவிட்டு 1899-ல் பாஸ்டன் பக்கம் வந்து முழுநேரப் போட்டோகிராபர் ஆனார். தோரோவின் நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வரியில் சொன்ன ஓடை எது, இந்தப் பாறை எது என்று தேடித்தேடி எடுத்தார். 1906-ல் தோரோவின் எழுத்துகள் 20 தொகுதிகளாக வந்தபோது படங்கள் இவருடையவை. கான்கார்ட்டுக்கு ஒரு வரைபடமும் போட்டுக் கொடுத்தார். 1937-ல் இறக்கும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார். ஆயிரக்கணக்கான கண்ணாடித் தட்டுகள் இன்றைக்கும் கான்கார்ட் பொது நூலகத்தில் இருக்கின்றன. அவர் மனைவி லூலு, விளக்கில் போட்டுக் காட்டும் கண்ணாடிப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அல்லிக்கு எந்தப் பச்சை, எந்த வெள்ளை என்று அவர்தான் முடிவு செய்யணும்.

போட்டோ எடுப்பது சுலபமாகச் சுலபமாக ஒரு பிரச்சினையும் கூடவே வந்தது. குவிந்துகொண்டே போகும் படங்களில் எது எப்போ எடுத்தது என்று தெரியாது. இது அன்றைக்கே எல்லோருக்கும் தலைவலியாக இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் கோடாக் நிறுவனம் 1914-ல் 'ஆட்டோகிராபிக்' என்று ஒரு கேமரா கொண்டுவந்தது. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. படம் எடுத்ததும் அதைத் திறந்து, கூடவே வரும் உலோகக் குச்சியால் பிலிம் மேலிருக்கும் தாளில் தேதியையும் இடத்தையும் எழுதணும். சில விநாடி வானத்தைப் பார்த்துக் காட்டிவிட்டு மூடணும். கழுவும்போது அந்த எழுத்து படத்தின் ஓரத்திலேயே விழுந்திருக்கும். ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் கண்டுபிடிப்பு இது. கோடாக் அவருக்கு 3 லட்சம் டாலர் கொடுத்து உரிமையை வாங்கியது. அன்றைக்கு அது பயங்கரமான தொகை. ஆனால் மக்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் எழுதவில்லை. 1930-களின் தொடக்கத்தில் அந்த வசதியே நின்றுபோனது. எழுத வசதி இருந்தும் எழுதாமல் விட்ட பழைய பிலிம்கள் எத்தனையோ. அப்படி ஒரு வெற்று ஓரத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இனி 2003-க்குத் தாண்டுவோம். ரிச்சர்ட் ப்ரைமாக் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். பல வருஷம் போர்னியோ மழைக்காடுகளில் வேலை செய்தவர். பருவநிலை மாற்றம் தன் வீட்டுப் பக்கத்திலேயே தெரிகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். அதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய பூக்கும் தேதிகள் வேண்டும். அதை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? தேடிக்கொண்டிருந்தவரிடம் தத்துவப் பேராசிரியரான ஒரு நண்பர், உனக்கு தோரோவின் அட்டவணைகள் தெரியாதா என்றார். தெரியாது! தோரோ அறிஞர் ஒருவரிடமிருந்து அந்தத் தாள்களின் நகல் கிடைத்தது. படிக்க உயிர் போகிற கையெழுத்து. செடிப் பெயர்களும் பாதி மாறிப்போனவை. பிறகு ஹாஸ்மரின் குறிப்புகளும் கிடைத்தன. ப்ரைமாக்கும் அவர் மாணவர் ஏப்ரஹாம் மில்லர்-ரஷிங்கும் சில வருஷம் வசந்தத்திலும் கோடையிலும் கான்கார்ட்டை மறுபடி நடந்து அதே செடிகளைத் தேடினார்கள்.

2008-ல் வெளியான முடிவு இதுதான். மூன்று காலத்திலும் தகவல் உள்ள 43 பொதுவான வகைகள் தோரோ காலத்தைவிடச் சராசரியாக 7 நாள் முன்னதாகப் பூக்கின்றன. சில செடிகளின் பாய்ச்சல் இன்னும் பெரிது. காட்டு ப்ளூபெர்ரி 21 நாள். மஞ்சள் பூ விடும் ஒரு புளியாரை 32 நாள். நம்ம ஊர் வேலியோரப் புளியாரைக்கு நெருங்கின சொந்தம் அது. இந்த ஒன்றரை நூற்றாண்டில் அங்கே வெப்பம் ஏறியது சுமார் 2.4 டிகிரி. இதில் உலக வெப்பமாதல் மட்டும் காரணமில்லை, பாஸ்டன் நகரம் கான்கிரீட்டும் தாருமாக வளர்ந்ததும் ஒரு காரணம் என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். செடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பது வேற விஷயம். மரம், புதர்களின் இலை விடும் தேதியைப் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது அது 18 நாள் முந்தியிருந்தது. சதுப்பு நிலத்தில் மயங்கி எழும் தோரோ இன்றைக்கு இரண்டு நாள் முன்பின் இல்லை, வாரக்கணக்கில் தப்பாகச் சொல்வார்.

இங்கே நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்கலாம். லோவெல் படத்தில் மரம் மொட்டையாக இருந்தால், அந்த வருஷம் மட்டும் குளிர் கூடுதலாக இருந்திருக்கலாமே? சரியான கேள்வி. 'வால்டன்' புத்தகத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. குளத்துப் பனிக்கட்டி முழுசாக உருகிய தேதிகளை தோரோ தருகிறார்: 1851-ல் மார்ச் 28, 1852-ல் ஏப்ரல் 18, 1853-ல் மார்ச் 23. அடுத்தடுத்த வருஷங்களிலேயே ஏறக்குறைய ஒரு மாசம் தள்ளாடுகிறது. அதனால் ஒரு படத்துக்கு ஒரு படம் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது கண்ணுக்குக் காட்ட நல்ல படம், அவ்வளவுதான். கனம் வருவது பல வருஷம் தொடர்ந்து சேர்ந்த தேதிகளிலிருந்து. 2006 கட்டுரையின் உண்மையான வேலையும் அதுதான். பாஸ்டனின் ஆர்னால்ட் மரத்தோட்டத்திலும் கான்கார்ட்டிலும் தேதியோடு எடுத்த பழைய பூப் படங்களைத் திரட்டினார்கள். உலர்த்தி வைத்த செடி மாதிரிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இவற்றிலிருந்து கிடைக்கும் கணக்கு நேரடியாகப் பார்த்து எழுதிய கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார்கள். ஒத்துப்போனது. அதாவது யாரோ ஆசைக்கு எடுத்த பூப் படத்தை, தேதி இருந்தால், அறிவியல் நம்பலாம்.

முன்னதாகப் பூத்தால் என்ன கெட்டுப்போச்சு, சீக்கிரம் வசந்தம் வந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாச் செடியும் ஒரே மாதிரி நகர்ந்திருந்தால் ஒருவேளை சரி. நகரவில்லை. வெப்பத்துக்கு ஏற்பத் தேதியை மாற்றிக்கொள்ளத் தெரிந்த வகைகள் தாக்குப்பிடிக்கின்றன. மாற்றிக்கொள்ளாதவை குறைந்துகொண்டே வருகின்றன. தோரோவும் பிறகு வந்தவர்களும் பார்த்த வகைகளில் 27 சதவீதம் இன்றைய கான்கார்ட்டில் இல்லவே இல்லை. இன்னொரு 36 சதவீதம் எப்போ வேண்டுமானாலும் மறையலாம் என்கிற அளவுக்குச் சொற்பம். ஆர்க்கிட், லில்லி, வயலட், ரோஜாக் குடும்பங்களில் அடி பலமாக விழுந்திருக்கிறது. இத்தனைக்கும் கான்கார்ட் காங்கிரீட் காடாகிப்போன ஊர் இல்லை. தோரோ பெயரைச் சொல்லியே காடுகளையும் குளத்தையும் காப்பாற்றி வைத்திருக்கும் ஊர்.

இன்னொரு சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. காட்டுத் தரையில் பூக்கும் சின்னச் செடிகளுக்கு வசந்தத்தில் சில வாரம்தான் வாழ்க்கை. மேலே மரங்கள் மொட்டையாக இருக்கும்வரை வெயில் தரைக்கு வரும். அந்தச் சில வாரத்துக்குள் அது இலை விட்டு, பூத்து, வருஷம் முழுமைக்கும் வேண்டிய சாப்பாட்டைச் சேமித்துக்கொள்ளணும். மரம் தழைத்துவிட்டால் கடை மூடியாச்சு. கான்கார்ட் தேதிகளை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, மரங்கள் வெப்பத்துக்குப் பூச்செடிகளைவிட வேகமாக எதிர்வினை செய்கின்றன என்று காட்டியது. பூச்செடியும் முந்துகிறது, மரம் அதைவிட முந்துகிறது. நடுவிலுள்ள வெளிச்ச நாட்கள் சுருங்குகின்றன. தோரோ இலைக்கு ஒரு தாளும் பூவுக்கு ஒரு தாளும் தனித்தனியாகப் போடாமல் இருந்திருந்தால் இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது. கவிதை வற்றிப்போன பக்கங்கள் என்று சொன்னார்களே, அந்தப் பக்கங்கள்தான் இவை.

இப்போ நம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. கோடாக் 3 லட்சம் டாலர் கொடுத்தும் மக்களைச் செய்ய வைக்க முடியாத வேலையைப் போன் தானாகவே செய்கிறது. தேதி, மணி, அனுமதி கொடுத்திருந்தால் இடமும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். கோப்புப் பெயரில் ஒரு தேதி இருக்கும், அது உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி. தினம் காலையில் 'குட் மார்னிங்' என்று வந்து விழுகிற பூ எந்த ஊரில் எந்த வருஷம் பூத்ததோ, அந்தப் பூவுக்கே வெளிச்சம். தெருமுனைக் கொன்றையையோ வாசல் வேம்பையோ வருஷா வருஷம் படம் எடுக்கிறவர்கள் மூலப் படத்தை அப்படியே வைத்திருந்தால் போதும். முடிந்தால் மரம் முழுசாகத் தெரிகிற மாதிரியும் ஒன்று எடுத்து வைக்கலாம். பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் மரத்தில் ஒரு கொத்துதான் பூத்ததா, மரமே பூத்துவிட்டதா என்று பிறகு சொல்ல முடியாது. தொடர்ந்து குறிக்க ஆசையிருந்தால் இந்தியாவில் மரங்களுக்கென்றே 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு முறை துளிர், பூ, காய் பார்த்துப் பதியலாம். அரிய செடி என்றால் மட்டும் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், பிடுங்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. மெல்வின் இழுத்தடித்ததில் ஒரு நியாயம் உண்டு.

கான்கார்ட் கதையில் பறவைகள் பக்கம் நான் போகவே இல்லை. செடிகள் இவ்வளவு நகர்ந்தும், அங்கே வலசை வருகிற பறவைகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய பழைய தேதியிலேயே வந்துகொண்டிருக்கின்றன. ஏன் என்பது தனிக் கதை. அடுத்த பதிவில் பார்க்கலாம்.